நாத்தப் பிடுங்குற நீலக்கோழியும் எங்க குளமும்

இந்த வருஷம் மாசி மாசம், ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஜன்னல் கண்ணாடி அதிர்ற சத்தத்துல அம்மாதான் முதல்ல எந்திரிச்சா. எங்க தெரு குளத்தங்கரையில போய் முடியுற தெரு, அந்த நேரத்துல ஒரு சைக்கிள் கூட வராது. எட்டிப் பார்த்தா டாரஸ் லாரி, ஒண்ணு பின்னால ஒண்ணா, ஹெட்லைட்ட அணைச்சுப் போட்டு போகுது. எண்ணினேன், ஏழு. விடிஞ்சதும் போய் பார்த்தப்ப தெக்கு ஓரத்துல, தண்ணி வத்தி சேறா கிடந்த இடத்துல, கரையில இருந்து குளத்துக்குள்ள நாப்பது அடிக்கு செம்மண் மேடு. மண்ணு இன்னும் ஈரமா இருந்துச்சு, ஓரத்துல நசுங்கிப்போன தாமரைத் தண்டு பிதுங்கிட்டு நின்னுச்சு, அதுக்குப் பக்கத்துல ரெண்டு விரால் குஞ்சு சேத்துல துடிச்சிட்டு இருந்துச்சு. அதுல ஒண்ண எடுத்து தண்ணிக்குள்ள விட்டேன். இன்னொண்ணு கையிலேயே செத்துப்போச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்சது, இன்னும் முடியல. இதுவரைக்கும் நடந்தத எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன், ஏன்னா இத மாதிரி வேற குளத்தங்கரைல யாராவது நாளைக்கு காலைல எந்திரிச்சு செம்மண் மேட்டப் பார்த்து நிக்கலாம், அவங்களுக்கு எங்க அனுபவம் உதவும்.

ஊர் பேரும் குளத்துப் பேரும் எழுதல. கேஸ் மதுரைல நடந்துட்டு இருக்கு, வக்கீல் வேண்டாம்னு சொல்லிட்டார், மண்ணு அடிச்சவங்க யாருன்னும் எழுதல. சுசீந்திரத்துல இருந்து பைக்ல கொஞ்ச நேரந்தான், அது போதும். பதினஞ்சு ஏக்கர் குளம். தெக்கு பக்கம் வயலா இருந்த இடத்த வாங்கி பிளாட் போட்டிருக்காங்க, அந்த பிளாட்டுக்கு மெயின் ரோட்டுல இருந்து நேரா வழி வேணும், நேரான வழி குளத்து மூலை வழியாத்தான் போகும். விஷயம் இவ்ளோதான்.

எங்க பக்கத்துக் குளங்களப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கன்னியாகுமரி மாவட்டத்துல குளம்னா தனியா நிக்கிற ஒரு குளம் கிடையாது. பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் ராஜா காலத்துல, 1906-ல முடிஞ்சது. பெருஞ்சாணி அதுக்கு அப்புறம் 1950-கள்ல வந்துச்சு. அங்க இருந்து வர்ற தண்ணி தோவாளை சானல், அனந்தனார் சானல்னு பிரிஞ்சு, சானல்ல இருந்து குளத்துக்கு வந்து, குளம் பெருகினா மறுகால் பாஞ்சு கீழ உள்ள குளத்துக்குப் போய், அது பெருகினா அதுக்கும் கீழ போய், வடிகால் எல்லாம் பழையாத்துல சேர்ந்து, கடைசில மணக்குடியில கடல்ல விழும். நாஞ்சில் நாட்டுல கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு பூ, அதாவது ரெண்டு போகம், நெல்லு விளைஞ்சது இந்தச் சங்கிலியினாலதான். நடுவுல ஒரு கண்ணிய அறுத்தா மேல உள்ளவனுக்கு வெள்ளம் ஏறும், கீழ உள்ளவனுக்கு தண்ணி வராது. ஒரு மூலையத்தான மூடுறாங்கன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வர்றது அதனாலதான். எங்க குளத்துல அந்த மூலையிலதான் மறுகால், அதாவது குளம் பெருகினா மிச்சத் தண்ணி வெளியேறுற வழி, இருக்கு.

நான் நாகர்கோவில்ல ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில பன்னெண்டு வருஷமா வேல பாக்கேன். கலெக்டர் ஆபீஸ் போறவங்க எங்க கடைக்கு வந்துட்டுத்தான் போவாங்க, திங்கக்கிழமை மனு நாள்னா காலை எட்டு மணிக்கே கூட்டம். பட்டா பெயர் மாத்தணும், முதியோர் பென்ஷன் நின்னு போச்சு, பாதைய அடைச்சிட்டாங்க, எத்தன மனு டைப் பண்ணிருப்பேன்னு கணக்கே இல்ல. அதனால எங்க ஊருக்குன்னு ஒரு மனு வேணும்னப்ப என்கிட்டதான் வந்தாங்க. முதல் மனு ஒரு பக்கம். பதில் ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு, மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளதுன்னு ஒரே வரி. அந்த ரெண்டு மாசத்துல செம்மண் மேடு நாப்பது அடியில இருந்து நூத்திப்பத்து அடி ஆயிருச்சு.

மே மாசம் நூலகத்துக்கு முன்னால உள்ள வேப்பமரத்தடியில ஒரு கூட்டம் போட்டோம். வந்தது முப்பது பேர் இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள ரெண்டு கூட்டம். ஒரு பக்கம் விவசாயிங்க, அவங்களுக்குப் பேச்சாளு எங்க குளத்துல காலங்காலமா மடை திறந்து விடுற பாட்டா, எழுவத்தெட்டு வயசு. இன்னொரு பக்கம் பறவை பாக்குற பசங்க, விலங்கியல் படிச்ச ஒரு தம்பிதான் அவங்கள சேர்த்துக் கூட்டிட்டு வந்தது, கழுத்துல பைனாகுலரோட. தம்பி எந்திரிச்சு நம்ம குளத்துல இத்தன வகை பறவை இருக்கு, அதுல நீலக்கோழி மட்டுமே நூறுக்கு மேல இருக்குன்னு சந்தோசமா சொன்னதும் பாட்டா முகம் மாறிருச்சு.

"நீலக்கோழியா? லேய், அது எனக்க நாத்த முழுக்கப் பிடுங்கிப் போடுது. ராத்திரி பகலு காவல் கிடக்கேன். அதக் காப்பாத்தவா நீ என்னக் கூப்பிட்ட?"

விவரம் தெரியாதவங்களுக்கு, நீலக்கோழின்னா நீலத் தாழைக்கோழி, ஊதா கலந்த நீல உடம்பு, சிவப்பு மூக்கு, நெத்தியிலயும் சிவப்பு, நீண்ட சிவந்த விரலு. பார்க்க அவ்ளோ அழகு. ஆனா நட்டு வச்ச நாத்த அடியோட பிடுங்கி தண்டத் தின்னும், ஒரு கூட்டம் இறங்குனா காலைல வயல்ல பாதி மிதக்கும். எங்க பக்கத்து விவசாயிகளுக்கு அதுமேல உள்ள கோவம் நியாயமான கோவம், அத இல்லன்னு சொல்றவங்க வயல்ல இறங்குனதே இல்லன்னு அர்த்தம். தம்பிக்கு பதில் வரல. பாட்டா துண்ட உதறி தோள்ல போட்டுட்டு போய்ட்டாரு, அவரோட பத்துப் பதினஞ்சு பேரும் போய்ட்டாங்க. கூட்டம் முடிஞ்சுது.

மறுநாள் சாயங்காலம் தம்பி தனியா பாட்டா வீட்டுக்குப் போயிருக்கான். நானும் அம்மாவும் பாட்டா வீட்டுத் திண்ணையில இருந்தோம், மனுவுல உள்ள கையெழுத்துக்காக. பாட்டா அவன உக்காரக்கூடச் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டாரு.

"இங்க ரோடு வந்துட்டுன்னா ஒனக்க கோழி பறந்து வேற குளத்துக்குப் போவும். எனக்க வயல் எங்க டே போவும்?"

"இல்ல பாட்டா, அதுக்கும் வேற குளம் இல்ல. அந்தக் குளத்துல ஏற்கனவே கோழி இருக்கும், இதுக்கு இடம் குடுக்காது. பாதி செத்துப்போகும்."

பாட்டா ஒண்ணும் சொல்லல. உள்ள திரும்பி காப்பி போடச் சொன்னாரு. அவ்ளோதான் நடந்துச்சு, ஆனா கேஸ் நிக்கிறதுக்கு அந்தக் காப்பிதான் காரணம்னு நான் நம்புறேன், ஏன்னு கீழ சொல்றேன்.

நாகர்கோவில்ல ஒரு வக்கீல், பணம் வாங்காம பாக்கேன்னு சொன்னவர், முதல் நாளே ஒரு விஷயத்த தெளிவா சொன்னாரு. சதுப்பு நிலத்துக்குன்னு மத்திய அரசு விதிகள் இருக்கு, முதல்ல 2010-ல வந்துச்சு, அத மாத்தி 2017-ல புதுசா வந்துச்சு. புது விதியில நாலாவது விதி ரொம்ப பலமானது, சதுப்பு நிலத்த வேற உபயோகத்துக்கு மாத்தக் கூடாது, ஆக்கிரமிக்கக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது, கழிவ விடக் கூடாது, கடந்த பத்து வருஷத்துல பார்த்த சராசரி வெள்ள மட்டத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள படகுத்துறை தவிர நிரந்தரமா எதுவும் கட்டக் கூடாது. படிச்சப்ப எங்களுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறந்தான் அவர் அடுத்த பக்கத்தக் காட்டினாரு. இந்த விதி ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல, உள்ளதுக்கும் அரசு தனியா அறிவிச்சதுக்கும்தான் பொருந்தும், அதோட பாசனத்துக்காக மனுஷன் வெட்டின குளத்துக்கு பொருந்தாது.

எங்க மாவட்டத்துல மனுஷன் வெட்டாத குளம் எது? சுசீந்திரம் குளம், தேரூர் குளம் எல்லாமே வெட்டினதுதான். 9-ம் நூற்றாண்டு செப்பேட்டுல பசுங்குளம், பெருங்குளம்னு பேரோட இருக்குன்னு ராம்சர் ஆவணத்துலயே எழுதிருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகியும் அது செயற்கைதானா? சைபீரியா பக்கத்துல இருந்து வர்ற வாத்து அது வெட்டின குளமா தானா உண்டான குளமான்னு பாத்தா இறங்குது? நல்லவேளையா சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கும் வேம்பனூர் குளத்துக்கும் 2022-ல ராம்சர் அந்தஸ்து கிடைச்சுது, முதல்ல சொன்னது 94.23 ஹெக்டேர், வேம்பனூர் 19.75 ஹெக்டேர். சுசீந்திரம் தேரூர்ல மட்டும் சுமார் 250 வகை பறவை பதிவாகிருக்கு, அதுல 53 வகை வலசை வர்றது. எனக்கு அதுல ரொம்ப சந்தோசம், சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு இடத்துக்கு பட்டம் குடுத்துட்டு அதுக்குத் தண்ணி அனுப்புற, அதுல இருந்து தண்ணி வாங்குற நூத்துக்கணக்கான குளத்த விட்டுட்டா அந்தப் பட்டம் எத்தன நாளைக்கு நிக்கும்? கூழைக்கடா தேரூர்ல தூங்கும், ஆனா மீன் பிடிக்க எங்க குளத்துக்கும் வரும், புத்தளம் உப்பளத்துக்கும் போகும். அதுக்கு எல்லைக்கல்லு தெரியாது.

அதனால வக்கீல் ரெண்டு கால்ல நிக்கணும்னாரு. ஒரு காலு 2007-ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஏரி குளம் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம். பொதுப்பணித்துறை கட்டுப்பாட்டுல உள்ள குளத்த அளந்து, எல்லை போட்டு, ஆக்கிரமிச்சவங்களுக்கு நோட்டீஸ் குடுத்து வெளியேத்தணும்னு அதுல இருக்கு. அந்தக் காலுக்கு விவசாயி வேணும், ஆயக்கட்டுல, அதாவது குளத்துத் தண்ணி பாயுற நிலத்துல, வயல் வச்சிருக்கவங்க வேணும். இன்னொரு காலு உச்ச நீதிமன்றம். 2017 பிப்ரவரில நாட்டுல 2.25 ஹெக்டேருக்கு மேல உள்ள 2,01,503 சதுப்பு நிலத்தையும் நாலாவது விதியில உள்ளபடி காப்பாத்தணும்னு ஒரு உத்தரவு போட்டிருக்காங்க, இஸ்ரோ செயற்கைக்கோள் படத்த வச்சு எடுத்த பட்டியல் அது. அப்புறம் 2024 டிசம்பர்ல அந்த எண்ணிக்கை 2,31,195 ஆயிருச்சுன்னு சொல்லி, எல்லாத்தையும் நேர்ல போய் சரிபார்த்து எல்லை குறிங்க, மூணு மாசத்துல முடிங்கன்னு மாநிலங்களுக்கு உத்தரவு. 2.25 ஹெக்டேர்னா சுமாரா அஞ்சரை ஏக்கர், நம்மளது பதினஞ்சு ஏக்கர். அந்தக் காலுக்குப் பறவை வேணும், இது வெறும் தண்ணித் தொட்டி இல்ல, உயிருள்ள இடம்னு காட்ட பதிவு வேணும். பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போலாம், ஆனா அது சென்னைல, பிரச்சன ஆரம்பிச்ச ஆறு மாசத்துக்குள்ள போகணும்னு கெடு வேற. எல்லாரும் பேசி ஹைகோர்ட் மதுரை பெஞ்சுல பொதுநல வழக்குன்னு முடிவாச்சு.

அதாவது விவசாயி மட்டும் போனா பாதிக் கேஸ், பறவைக்காரங்க மட்டும் போனா பாதிக் கேஸ். பாட்டா அன்னைக்கு காப்பி குடுக்காம அனுப்பியிருந்தா நாங்க ரெண்டு பாதியா போய் ரெண்டுலயும் தோத்திருப்போம்.

அடுத்த ஒரு மாசம் எனக்கு சரியா தூக்கமே இல்ல. ஆர்.டி.ஐ போட்டு எஃப்.எம்.பின்னு சொல்ற நில அளவு வரைபடம், ஏ ரிஜிஸ்டர்னு சொல்ற கிராம நிலப் பதிவேடு எல்லாம் வாங்கினோம். பழைய செட்டில்மெண்ட் பதிவு கேட்டப்ப கிடைச்சது முழுக்க மலையாளத்துல இருந்துச்சு. 1956 நவம்பர் வரைக்கும் நாம திருவிதாங்கூர்ல, அப்புறம் திருவிதாங்கூர் கொச்சில தான இருந்தோம், ஆவணம் வேற எப்படி இருக்கும். எங்க தெருவுல களியக்காவிளை பக்கத்துல இருந்து கல்யாணம் ஆகி வந்த ஒரு அக்கா மலையாளம் படிப்பாங்க, அவங்க ராத்திரி சமையல முடிச்சிட்டு வந்து வாசிப்பாங்க, நான் டைப் பண்ணுவேன். குளத்தோட பரப்பு, மடை எத்தன, மறுகால் எந்த மூலையில, சுத்தி எந்த எந்த வயல்னு அவ்ளோ சுத்தமா எழுதி வச்சிருக்காங்க. மறுகால் தெக்குமேற்கு மூலைன்னு அந்த அக்கா வாசிச்சப்ப நான் கைய எடுத்துட்டு திரும்ப ஒருக்கா வாசிங்கன்னு கேட்டேன். எதிர்த்தரப்பு அங்க மறுகாலே கிடையாதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. பாட்டா அத அறுவது வருஷமா திறந்து அடைச்சிட்டு இருக்காரு, ஆனா அவரு சொன்னா அது பேச்சு, எழுதி இருந்தா அது ஆதாரம். ரெண்டும் ஒண்ணையே சொல்லுச்சு.

வெள்ள மட்டத்துக்குத்தான் ரொம்ப அலைஞ்சோம். பத்து வருஷ வெள்ள மட்டத்துக்கு எந்த ஆபீஸ்லயும் அளவு கிடைக்கல. அப்பதான் அம்மா சொன்னா, 2021 நவம்பர் மழையில குளத்தங்கரை இசக்கியம்மன் கோயில் பீடத்துல மூணாவது படி முங்கிச்சேன்னு. அந்த மழைய எங்க மாவட்டத்துல யாரும் மறக்க முடியாது, வயலும் ரோடும் ஒண்ணாக் கிடந்துச்சு. வாட்ஸாப் குரூப்ல கேட்டோம், அந்த நேரம் எடுத்த போட்டோ யார்கிட்டயாவது இருக்கான்னு. ரெண்டு நாள்ல இருபத்திமூணு போட்டோ வந்துச்சு. ஒரு போட்டோல பக்கத்து வீட்டுப் பொடியன் மூணாவது படியில நின்னு கையில ஒரு கெண்டைய தூக்கிப் பிடிச்சிட்டு சிரிக்கான், முழங்கால் வரைக்கும் தண்ணி, பின்னால கோயில் விளக்கு, போட்டோலயே தேதியும் இருக்கு. சர்வேயர் வேல தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு வந்து அந்தப் படியில இருந்து 50 மீட்டர் டேப் பிடிச்சு அளந்தோம். பிளாட்டோட ஆர்ச்சே அதுக்குள்ளதான் வருது. அந்தப் போட்டோ இப்ப எங்க மனுவுல ஒரு இணைப்பு. பொடியன் இப்ப எட்டாங்கிளாஸ்.

ஜூன் கடைசில மதுரை. வடசேரியில ராத்திரி பஸ் ஏறினா அஞ்சு மணி நேரத்துல மாட்டுத்தாவணி, அங்க இருந்து கோர்ட் பக்கந்தான். 2004-ல மதுரை பெஞ்ச் வந்ததால இந்த அஞ்சு மணி நேரம், இல்லன்னா சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போகணும், எங்கள மாதிரி ஆளுங்க போயிருக்கவே மாட்டோம். பாட்டா வெள்ள வேட்டி கட்டி வந்தாரு, கையில மஞ்சப் பைக்குள்ள குளத்து மண்ணு ஒரு பொட்டணம், எதுக்குப் பாட்டான்னு நாங்க கேட்டதுக்கு, "யாராவது கேட்டா காட்டலாம்லா"ன்னாரு. யாரும் கேக்கல. எங்க கேஸ் கூப்பிட்டு முடிஞ்சது அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துல இப்ப உள்ள நிலை அப்படியே இருக்கணும், இனி மண்ணு போடக்கூடாது, வருவாய்த்துறையும் நீர்வளத்துறையும் சேர்ந்து அளந்து அறிக்கை குடுக்கணும்னு உத்தரவு வாங்கிட்டோம். வெளிய வந்து எல்லாரும் டீ குடிச்சோம். தம்பி அழுதான்.

ஸ்டே வாங்கினா முடிஞ்சுதுன்னு நினைச்சது எங்க தப்பு. ஆவணி மாசம், மழை இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை, பட்டப்பகல்ல மறுபடியும் லாரி. உத்தரவு காப்பிய காட்டினா டிரைவர் பாவம், அவருக்கு என்ன தெரியும், ஓனர கேளுங்கன்னாரு. போன் போட்டா ஞாயித்துக்கிழமை எந்த ஆபீஸ்ல எடுப்பாங்க. அப்ப எங்க தெரு பொம்பளைங்க, பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போறவங்க, மண்வெட்டிய வச்சுட்டு நேரா போய் லாரிக்கு முன்னால கரையில உக்காந்துட்டாங்க. எங்க அம்மாவும். அம்மாவுக்கு மூட்டு வலி, தரையில உக்கார முடியாது, யாரோ ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டு வந்து போட்டாங்க, லாரி பம்பருக்கும் சேருக்கும் நடுவுல ரெண்டடி இருக்கும். நான் அந்த ரெண்டடியப் பார்த்துட்டே நின்னேன், தொண்ட அடச்சுப்போச்சு.

மத்தியானம் போலீஸ் வந்து எங்க நாப்பத்தி ரெண்டு பேரையும் வேன்ல ஏத்தி ஒரு கல்யாண மண்டபத்துல வச்சு சாயங்காலம் விட்டாங்க. அங்க யாரு சாப்பாடு கொண்டு வந்தான்னா மணக்குடியில இருந்து மீனவங்க. இது நான் எதிர்பாக்கவே இல்ல. அவங்களுக்கு இது புதுசு இல்ல, 2016-ல இனயத்துல துறைமுகம்னு மத்திய அரசு அனுமதி குடுத்து, எதிர்ப்பு வந்ததும் அத கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவுல மாத்தினப்ப, கடற்கரை ஊரு ஊரா எந்திரிச்சு நின்னவங்க அவங்க. அந்தத் துறைமுகம் வரல. ஒரு பெரியவரு எங்க பாட்டாகிட்ட சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, "ஒங்க குளத்து வெள்ளந்தான எங்க காயலுக்கு வருவு, அது வந்தாத்தான எறாக்குஞ்சு நிக்கும்." சுனாமில மணக்குடிப் பாலமே போச்சு, அதுக்கப்புறம் காயல் ஓரத்துல அலையாத்தி மரம் எவ்ளோ முக்கியம்னு அவங்களுக்கு ஒருத்தரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. அலையாத்திக்கும் மேல இருந்து நல்ல தண்ணி வரணும். சங்கிலின்னு முன்னால சொன்னேன்ல, அதோட கடைசி கண்ணி சோத்துப் பொட்டலத்தோட மண்டபத்துக்கு வந்து நின்னுச்சு.

மறுநாள் போட்டோ எல்லாம் வச்சு கோர்ட் அவமதிப்பு மனு போட்டோம். அதுக்கப்புறந்தான் அளக்குறதுக்கு ஆளு வந்தாங்க. அதாவது பேப்பர்ல ஸ்டே இருந்தும் கரையில ஆளு உக்காரலைன்னா மண்ணு விழுந்திருக்கும், கரையில ஆளு மட்டும் உக்காந்து ஸ்டே இல்லாம இருந்திருந்தா எங்க மேலதான் கேஸ் விழுந்திருக்கும். எனக்கு இதுல போராட்டம் பெருசா கோர்ட் பெருசான்னு பேசுறவங்களப் பார்த்தா புரியல.

வளர்ச்சிய எதிர்க்கிறாங்கன்னு எங்களச் சொல்றாங்க, அது வலிக்குது. நாலு வழிச் சாலைக்கு மாவட்டத்துல எத்தன குளத்துல மண்ணு அடிச்சாங்கன்னு எல்லாரும் பார்த்தோம், அப்பவும் கேட்டது ரோடு வேண்டாம்னு இல்ல, மண்ணக் கொட்டாம தூண் நிறுத்தி பாலமா போடுங்கன்னுதான். எங்க குளத்துலயும் கிழக்கு பக்கம் பழைய வண்டிப்பாதை இருக்கு, முந்நூறு மீட்டர் சுத்து, அத அகலப்படுத்துங்கன்னு முதல் மனுவுலயே எழுதிருக்கோம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல நெல்வயலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் 2008-லயே தனிச் சட்டம் வந்துருச்சு, அங்கயும் மீறுறாங்கதான், ஆனா கேக்க ஒரு சட்டம் இருக்கு. ஒரே மாதிரி வயல், ஒரே மாதிரி குளம், ஒரு செக்போஸ்ட் தாண்டினா பாதுகாப்பு வேற. சென்னைல பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2025-ல பசுமைத் தீர்ப்பாயம் ராம்சர் எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள ஆய்வு முடியுற வரைக்கும் கட்டட அனுமதி குடுக்காதீங்கன்னு சொல்லிருக்கு. அந்த மாதிரி சுசீந்திரம் தேரூருக்கும் வேம்பனூருக்கும் யாராவது கேக்கணும், கேக்கப்போறோம்.

இப்ப நிலைமை என்னன்னா, அளந்து கல்லு நட்டிருக்காங்க, மறுகால் பக்கம் உள்ள மண்ண மட்டும் எடுத்திருக்காங்க, மீதி அறுவது அடி அப்படியே கிடக்கு, அதுமேல எருக்கு முளைச்சிருச்சு. கார்த்திகை மழையில மறுகால் பாஞ்சுது. தம்பி போன வாரம் எண்ணினப்ப நீலச்சிறகி வாத்து வந்திருக்குன்னு லிஸ்ட் அனுப்பினான், ஊசிவால் வாத்து இன்னும் வரல. ஆடி மாசம் பார்த்த ஒண்ணு மட்டும் சொல்றேன், செம்மண் மேட்டுக்கு இருபதடி தள்ளி தாமரை இலை மேல நீளவால் இலைக்கோழி முட்டை வச்சு அடைகாத்துச்சு, அந்த இனத்துல ஆம்பளதான் அடைகாக்கும். நாலு முட்டையில மூணு பொரிஞ்சுது. பாட்டா தினமும் காலைல மடைய பாக்கப் போறப்ப அத எட்டிப் பார்த்துட்டுத்தான் வருவாரு.

போன மாசம் எதிர்த்தரப்பு கவுன்டர், அதாவது எங்க மனுவுக்கு அவங்களோட பதில், வந்துச்சு. முதல் பாராவுல இது மனுஷன் வெட்டின பாசனக் குளம், அதனால சதுப்பு நில விதி பொருந்தாதுன்னு இருக்கு. நாலாவது பாராவுல ஆயக்கட்டு வயலெல்லாம் பிளாட் ஆயிருச்சு, இப்ப இதுல பாசனமே இல்லன்னு இருக்கு. முதல் பாரா நாலாவது பாராவ அடிக்குதுன்னு வக்கீல் கோடு போட்டு வச்சிருக்காரு. ஏழாவது பாராதான் எங்களுக்கு ஊசி மாதிரி குத்துச்சு, இந்தக் குளத்துப் பறவையால விவசாயிகளுக்கு பயிர் சேதம், விவசாயிகளே இதுகள விரும்பலன்னு. மே மாசம் வேப்பமரத்தடியில நடந்தத யாரோ போய்ச் சொல்லிருக்காங்க.

அதுக்குப் பதில் மனு பாட்டா பேர்ல போகுது. நேத்து சாயங்காலம் கடை அடைச்சப்புறம் அவரு ஸ்டூல்ல உக்காந்து சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினேன். பயிர் சேதம்ங்கிறத விட்டுருவோமா பாட்டான்னு கேட்டேன்.

"எதுக்கு விடணும்? எழுது மக்ளே. நீலக்கோழி நாத்தப் பிடுங்கும், அது உண்மை. அதுக்கு நாங்க காவல் இருந்துக்கிடுவோம், எனக்க அப்பனும் இருந்தாரு. குளம் இல்லன்னா காவல் இருக்கதுக்கு நாத்தே இல்லன்னு எழுது."

அப்படியே எழுதினேன். வக்கீல் பாஷையில மாத்த வேண்டியது அவரு வேல. பொங்கல் லீவு முடிஞ்சு வாய்தா.